கொண்டைக்கடலை அளவு

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். லீலா அக்கா வாயால் கேட்டு நீங்கள் முகம் சுளிப்பதைவிட, நானே சொல்லிவிடுவது மேல். தேவா அண்ணன் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் செராஸில் ஒரு பேரங்காடியின் மூன்றாம் மாடியில், வேறொருவருடைய மசாஜ் மேசையில், காகிதக் கால்சட்டையோடு குப்புறப் படுத்திருந்தேன்.

பதினோரு வருடமாக என் கழுத்தையும் முதுகையும் பிரிக்ஃபீல்ட்ஸில் தேவா அண்ணன் ஒருவரிடம் மட்டும் ஒப்படைத்து வைத்திருந்தவன் நான். "என் முதுகு வேறொரு கையை அறியாது" என்று இதே பத்திரிகைப் பத்தியில் இரண்டு முறை பீற்றிக்கொண்டும் இருக்கிறேன். அந்த முதுகுதான் அன்று துரோகம் செய்துகொண்டிருந்தது. முகத்தைப் புதைக்கும் ஓட்டை வழியாகப் பார்த்தால் மசாஜ் செய்பவரின் நீலச் செருப்பும், முக்காலியில் நான் வைத்திருந்த போனும் தெரியும். போனில் லீலா அக்காவின் பெயர் வந்தது. தேவா அண்ணன் வேலை செய்த மசாஜ் நிலையத்தில் அக்காதான் முன்பதிவு, டீ, வம்பு மூன்றுக்கும் பொறுப்பு.

"எங்க இருக்கீங்க ரைட்டரே?"

"ஆபீஸ்லக்கா" என்றேன்.

அதே நேரம் மேலேயிருந்து கணீரென்று ஒரு குரல்: "பாஸ், கூவாட் போலே?" அழுத்தமாகப் பிடிக்கலாமா என்று கேட்கிறாராம்.

அந்தக் குரல் லீலா அக்காவுக்கும் கேட்டுவிட்டது. பிறகு சொன்னார்: "எந்த ஆபீஸா இருந்தாலும் எந்திரிச்சு வாங்க. தேவா போயிட்டாரு."

குப்புறப் படுத்து அழுவது சுலபம் இல்லை. கண்ணீர் கன்னத்தில் வழியாமல் நேராகக் கீழே விழும். இரண்டு சொட்டு அந்த நீலச் செருப்பின் மேல் விழுந்தது. அந்த மனிதர் தன் அழுத்தம்தான் அதிகமாகிவிட்டது என்று நினைத்துக் கையை இலேசாக்கிக்கொண்டார்.

வெட்கக்கேடு அதோடு முடியவில்லை. அதற்கு இரண்டு நாள் முன்னால், காலை ஏழரைக்கு, தேவா அண்ணன் என்னை அழைத்திருந்தார். பெயரைப் பார்த்தேன், எடுக்கவில்லை. எனக்குத் தொண்டை கரகரத்தது. எடுத்தால் அது குரலிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால், சரியாகும்வரை மசாஜ் கிடையாது, முதலில் கிளினிக்குக்குப் போங்கள் என்பார். எந்தக் கேள்வியும் கேட்காத கடை செராஸில் இருக்கும்போது எதற்கு வம்பு என்று போனைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டேன். அன்று அவர் எதற்காக அழைத்தார் என்பதுதான் பல நாள் என்னைத் தின்றது.

தேவா அண்ணனின் மேசையில் படுத்தவர்களுக்கு அவருடைய மூன்று கேள்விகள் நினைவிருக்கும். எண்ணெய்ப் புட்டியைத் தொடும் முன்னால், பத்து வருட வாடிக்கையாளராக இருந்தாலும், கேட்டே தீருவார். "ஜொரம் உண்டா? புண்ணு உண்டா? எங்கயாச்சும் கட்டி உண்டா?" ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் அன்றைக்கு நீங்கள் டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கிள்ளானிலிருந்து ஜாமில் மாட்டி வந்த ஒரு லோரி முதலாளி, வெறும் காய்ச்சலுக்குத் திருப்பி அனுப்புவதா என்று ஒரு நாள் குதித்தார். தேவா அண்ணன் குரலை உயர்த்தவில்லை. "அங்கிள், ஜொரம்னா உள்ள உங்க ஆளுங்க சண்டைக்குக் கெளம்பிட்டாங்கன்னு அர்த்தம். சண்டை நடக்குற எடத்துல நான் போய்ப் பெசைஞ்சா யாருக்கு ஒத்தாசை பண்ணினதா ஆகும்?" என்றார். லோரி முதலாளி யோசித்தார். டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

அவருக்குப் பார்வை இல்லை. இருபது வயதில் மோட்டார் சைக்கிள் விபத்து. பயிற்சிப் பள்ளியில் தொழில் கற்றபோது உடற்கூறு மேல் அவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. போனில் மருத்துவப் பாடங்களை வாசிக்க விட்டு, பட்டாசு வெடிப்பது போன்ற வேகத்தில் கேட்பார். எனக்கு ஒரு எழுத்தும் புரியாது. அவர் இடையில் நிறுத்தி, "இத சரியாச் சொல்லல" என்பார். மற்றவர்கள் தசையையும் நரம்பையும் பற்றிப் பேசுவார்கள். இவருக்கு நிணநீர் மேல்தான் காதல்.

முதல் நாள் நான் கழுத்துப் பிடிப்போடு போனேன். வலித்த இடத்தை விட்டுவிட்டு, அவர் காறை எலும்புக்கு மேலே விரல் நுனியால் வருடிக்கொண்டே இருந்தார். எறும்பு ஊர்ந்தால்கூட அதைவிடப் பலமாக இருக்கும்.

"என்னண்ணே, தூசு தட்டுறீங்களா?" என்றேன்.

"மொதல்ல முன்னுக்கு வழி விடணும் ரைட்டரே. ஃபெடரல் ஹைவேயில முன்னுக்கு ஜாம்னா, பின்னுக்கு நின்னு ஹார்ன் அடிச்சு என்ன பிரயோசனம் லா?"

பிறகு என் காலைப் பிடித்தபடி அதை விளக்கினார். இரத்தக் குழாய்களின் நுனியில் எப்போதும் கொஞ்சம் நீர் கசிந்து சதைக்குள் இறங்கும். பெரும்பகுதி குழாய்க்கே திரும்பிவிடும். திரும்பாமல் தங்குவதுதான் நிணநீர்; அதைத் திரட்டிக் கொண்டுபோக உடம்பெங்கும் மெல்லிய லொங்காங் ஓடுகிறது. நம் ஊரில் சாக்கடைக் கால்வாய்க்கு அதுதானே பெயர். "ரத்தத்துக்கு இதயம்னு ஒரு பம்பு இருக்கு. இதுக்குப் பம்பே கெடையாது. நீங்க நடந்தா நகரும். மூச்ச இழுத்தா நகரும். நாள் பூரா நாக்காலியில குந்தி ஜோக்கு எழுதினா, அதுவும் உங்களோட குந்திக்கும்" என்றார். சாயங்காலமானால் என் கணுக்காலில் காலுறையின் தடம் ஏன் விழுகிறது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதுவரை காலுறைக் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மார்பில் அறுவை சிகிச்சை முடிந்த ஒரு பள்ளி ஆசிரியை, கை யானைத் தும்பிக்கை போல வீங்கிய நிலையில் வந்ததை நானே பார்த்திருக்கிறேன். அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளை எடுத்துவிட்டதால் நீர் போக வழியில்லாமல் தேங்கிவிட்டது. நன்றாக அழுத்திப் பிடித்துவிடச் சொன்னார் அவர். தேவா அண்ணன் கையைக் கட்டிக்கொண்டார். "டீச்சர், அழுத்தினா கெடுத்துருவேன். ஆஸ்பத்திரியில இதுக்குன்னே பிசியோ இருக்காங்க. மொதல்ல அவங்க. அவங்க சொன்னா நான்." அடுத்த வாரம் டீச்சரோடு தானும் ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்த பெண்ணிடம் அந்த வருடலையும் துணிச் சுற்றையும் கற்றுக்கொண்டு வந்தார். சில மாதம் கழித்து டீச்சர் அந்தக் கையில் ஒற்றை வளையல் போட்டுக்கொண்டு வந்தார். வளையல் சத்தத்தைக் கேட்டதும் தேவா அண்ணன் எழுந்து நின்றுவிட்டார்.

இனி என் கதைக்கு வருகிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் நடந்தது. நான் போன திருமண வீடு, ஏறிய மேடை, எழுதிய பத்தி எல்லாவற்றிலும் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் மன்னித்து இன்னொரு முறை கேளுங்கள்.

நிலையத்துக்கு வெளியே கச்சாங் பூத்தே, அதாவது வறுத்த கடலை வகைகள், விற்கும் வண்டி ஒன்று நிற்கும். அதில் லீலா அக்கா தினமும் ஒரு பொட்டலம் வாங்குவார். தேவா அண்ணனுக்குக் கட்டிகளின் அளவுகோல் அந்தப் பொட்டலம்தான். தொண்டை வலியில் தாடைக்குக் கீழே வீங்கும் முடிச்சு பச்சைப் பட்டாணி. தொட்டால் வலிக்கும், விரலுக்கு அடியில் நழுவும். "அது வேலை செய்யுது, விட்டுருங்க" என்பார். காலில் புண் இருந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுவது வேர்க்கடலை. "கொண்டைக்கடலை அளவுக்கு, கல்லு மாதிரி, வலிக்காம, நகராம இருந்தா எனக்குப் புடிக்காது" என்பார்.

அந்தச் சனிக்கிழமை அவர் என் கழுத்தில் வலது பக்கம் தொடங்கினார். பத்து நிமிடம் வலது காறை எலும்புக்கு மேலேயே இருந்தார். நகை ஆசாரி தங்கத்தைத் தேய்த்துப் பார்ப்பது போல, மேலே, கீழே, எலும்பின் பின்னால், மறுபடி மேலே.  இவ்வளவு பொறுமையான கை உலகத்தில் உண்டா என்று வியந்துகொண்டே தூங்கப் போனேன். அப்போது கை இடது பக்கத்துக்கு வந்தது. வந்த வேகத்தில் நின்றது.

"ரைட்டரே, எந்திரிங்க."

"ஏண்ணே, இன்னும் முதுகே..."

"இங்க ஒரு கொண்டைக்கடலை இருக்கு."

உடம்பின் கீழ்ப்பாதி முழுவதும், மேல்பாதியில் இடது பக்கமும் திரட்டிய நிணநீர் இடது காறை எலும்புக்குப் பின்னால் வந்துதான் இரத்தத்தில் கலக்கிறது. வலது பக்கத்துத் தலை, கை, மார்பு இவற்றுக்கு மட்டும் தனி வழி. "வலது பக்கம், நாம சாத்தே சாப்பிடப் போற காஜாங் ஸ்டேஷன். இடது பக்கம் கேஎல் சென்ட்ரல். எல்லா லைனும் அங்கதான் வந்து சேரும். சென்ட்ரல்ல ஒரு மூட்ட யாரும் எடுக்காம கெடந்தா என்ன செய்வாங்க? ஒக்காந்து பாத்துக்கிட்டா இருப்பாங்க?" என்றார். எண்ணெய்ப் புட்டியை மூடினார். டாக்டர் பார்த்த காகிதம் வரும்வரை எனக்கு மேசை கிடையாது என்றும் சொன்னார்.

என்னைப் போன்ற கோழையிடம் காகிதம் கேட்கக் கூடாது. இரண்டு வாரம் ஒளிந்து திரிந்தேன். கண்ணாடியில் பார்ப்பேன், தொடுவேன், உடனே வேறு எதையாவது யோசிப்பேன். வீட்டில் மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. பிறகு முதுகு வலி தாங்காமல், இதைச் சொல்லக் கூசுகிறது, வீட்டுக் கதவில் செருகியிருந்த ஒரு விளம்பரக் காகிதத்தை மூன்றாக மடித்து, பழைய கிளினிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். பார்வை இல்லாதவர்தானே, உறையைத் தடவிப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடுவார் என்று கணக்கு.

காத்திருப்பு அறையில் ஆறு பேர் இருந்தார்கள். தேவா அண்ணன் காகிதத்தை விரித்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அதன் மேல் பிடித்தார். அச்செழுத்தைப் பார்த்து வாய்விட்டு வாசிக்கும் வசதி போனில் வந்துவிட்டது என்பது எனக்குத் தெரியாது. நிலையம் முழுக்கக் கேட்கும்படி ஒரு வெள்ளைக்காரப் பெண் குரல் நிதானமாக அறிவித்தது: "சாத்தே ஆயாம். சாத்தே டாகிங். நாசி இம்பிட். கூடுதல் குழம்பு இலவசம்."

குச்சியில் சுட்ட கறி விற்கும் சாத்தேக் கடையின் விளம்பரம் அது. தேவா அண்ணன் காகிதத்தை அழகாக மடித்து என் கையில் கொடுத்தார்.

"டாக்டர் காஜாங்காரரா ரைட்டரே?"

லீலா அக்கா டீக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. நானும் சிரித்தேன். தேவா அண்ணன் சிரிக்கவில்லை. என் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டார். பார்வையற்றவர்கள் வழித்துணையைப் பிடிக்கும் பிடி அது. "வாங்க, என்னைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். ரயிலில் ஏறி, மாறி, படி இறங்கி, பதிவு முகப்புவரை அந்தப் பிடி தளரவில்லை. பார்த்தவர்கள் எல்லாம் பார்வை இல்லாதவரை நான் அழைத்துப் போகிறேன் என்று எனக்கு வழி விட்டார்கள். ஒரு பெண்மணி என்னைப் பார்த்து, நீ நல்லா இருப்பே தம்பி என்று வாழ்த்தியும் விட்டார்.

காத்திருக்கும் வரிசையில் மூன்று மணி நேரம் இருந்தோம். என் கால் ஆடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்தவோ என்னவோ அவர் பேசிக்கொண்டே இருந்தார். முடிச்சு என்பது ரோட்பிளாக் மாதிரி. கொரோனா காலத்தில் கம்பத்துக்குக் கம்பம், ஊருக்கு ஊர், நிறுத்திச் சோதித்தார்களே, அப்படி. லொங்காங்கில் வருகிற ஒவ்வொன்றையும் நிறுத்தி, இது நம் ஆளா, அந்நியனா என்று பார்ப்பார்கள். பார்க்கிற காவலர்களில் ஒரு சாரார் நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் என்ற பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். "அங்க முக்கியமா ஒரு பரீட்சை. சொந்தக்காரன அடிப்பியா, மாட்டியா? அடிப்பேன்னு சொன்னவன வெளிய விடமாட்டாங்க. பாதிக்கு மேல ஃபெயிலு."

"எங்க குடும்பத்துல ஒருத்தரும் பாஸாக மாட்டோம்ணே."

"வயசானா பள்ளிக்கூடம் சுருங்கிப் போயிரும். ஆனா படிச்சு வந்தவங்க இருப்பாங்க. அவங்கள்ல சில பேரு ஒரு தடவ பாத்த மூஞ்சிய வருசக்கணக்கா மறக்கமாட்டாங்க. தடுப்பூசின்னா என்னன்னு நெனைக்கிறீங்க? போக்கிரியோட போட்டோவ முன்கூட்டியே காட்டி வெக்கிறது."

பக்கத்தில் இருந்த பெரியவர், "அப்ப எனக்கு இங்க ஒண்ணு இருக்கே" என்று தாடைக்குக் கீழே தொட்டுக் காட்டினார். அவருக்கு அடுத்தவரும் தன் கழுத்தைத் தடவத் தொடங்கினார். தாதி கதவைத் திறந்து என் பெயரைக் கூப்பிட்டபோது ஒரு வரிசை முழுக்கத் தத்தம் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தது. 

அந்த வரிசையில்தான் தேவா அண்ணன் தன் கதையையும் சொன்னார். பார்வை போன அதே விபத்தில் மண்ணீரலும் போய்விட்டதாம். இடது விலாவுக்கு அடியில் கிழிந்து இரத்தம் கொட்டியதால் எடுத்துவிட்டார்கள். நிணநீருக்கு முடிச்சு எப்படியோ, இரத்தத்துக்கு மண்ணீரல் அப்படி. வடிகட்டிப் பார்க்கும் பெரிய ரோட்பிளாக். அது இல்லாதவர் நன்றாகவே வாழலாம். ஆனால் சில கிருமிகள் இரத்தத்தில் நுழைந்தால் தடுக்க ஆள் குறைவு. காலையில் வந்த காய்ச்சல் மறுநாளே ஆளைச் சாய்த்துவிடலாம். "கண்ணு போனத எல்லாருக்கும் தெரியும். அது போனது தெரியாது. ஆனா ரெண்டுல என்னைய பயமுறுத்துறது அதுதான்" என்றார்.

அதனால்தான் அவருக்கு ஒரு பெட்டி. சாலாக் செலாத்தானில் அவர் குடியிருந்த தங்கை வீட்டு வாசல் கதவுக்குப் பக்கத்தில் அது எப்போதும் தயாராக இருக்கும். இரண்டு செட் துணி, டாக்டர் கடிதம், தடுப்பூசி அட்டை, அவசரத்துக்கு முதலில் விழுங்க வேண்டிய மாத்திரை. உடம்பு நடுங்கினால் அந்த நிமிடமே மாத்திரையைப் போட்டுவிட்டுப் பெட்டியோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார். எனக்குத் தெரிந்து நான்கைந்து முறை போய், ஒன்றுமில்லை என்று திரும்பி வந்திருக்கிறார். அதைத்தான் நான் ஒருமுறை இந்தப் பத்தியில் கிண்டல் செய்தேன்: தும்மலுக்குப் பெட்டி கட்டும் மனிதர் என்று. பெயர் போடவில்லை, ஆனால் பிரிக்ஃபீல்ட்ஸ் முழுவதும் யாரென்று தெரிந்து சிரித்தது. அவர் போனில் வாசிக்கக் கேட்டுவிட்டு, "சிரிக்கட்டும் ரைட்டரே. ஒண்ணுமில்லன்னு திரும்பி வர்றதுதான் எனக்கு ஜெயிப்பு" என்றார்.

சோதனைக்காக என் கட்டியில் முதலில் ஊசி குத்தி எடுத்தார்கள், பிறகு துண்டு வெட்டி எடுத்தார்கள். முடிவு சொல்லும் நாளிலும் முழங்கைக்கு மேலே அந்தப் பிடி இருந்தது. முடிச்சில் காசநோய். எனக்குக் காது அடைத்துவிட்டது. குணமாகிவிடும் என்று டாக்டர் இரண்டாம் முறை சொன்னபோதுதான் திறந்தது. வெளியே வந்ததும் தேவா அண்ணன் சொன்னார்: "உங்க ஆளுங்களால அவன அடிச்சு முடிக்க முடியல. சுத்தி நின்னு வேலி போட்டுட்டாங்க. அந்த வேலிதான் கட்டி. உள்ள இருக்கிறவனும் சாவல, வெளிய நிக்கிறவனும் வீட்டுக்குப் போவல. இனி மாத்திரை போய் முடிச்சு வெக்கும்."

ஆறு மாதம் மாத்திரை. அதில் ஒன்று சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கிவிடும். தினமும் காலை ஏழரைக்கு போன் வரும். "போட்டாச்சா?" போட்டாச்சு. "கலர்?" நான் ஆபீஸ் மின்தூக்கியில் நின்றுகொண்டு, நாலு பேர் நடுவில், "ஆரஞ்சுண்ணே" என்பேன். கூட வேலை செய்பவர்கள் நான் ஏதோ லாட்டரிக் குழுவில் சேர்ந்திருப்பதாக நினைத்தார்கள். மாத்திரை முடிந்தது. கட்டி கரைந்தது. போன் மட்டும் நிற்கவில்லை. நடந்தீங்களா, தொண்டை எப்படி, என்ன சாப்பிட்டீங்க. நாள் தவறாமல் ஒருவர் அக்கறையாக விசாரிப்பது மூன்றாம் வருடத்தில் தொந்தரவாகத் தெரிய ஆரம்பிக்கும். எனக்குத் தெரிந்தது.

இந்தக் கதையை அவர் முன்னாலேயே நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். "பத்து வைத்தியர் கண்ணில் படாததை இந்தக் கை கண்டுபிடித்தது" என்று முடிப்பேன். எந்த வைத்தியரும் அதற்கு முன் பார்க்கவில்லை என்பதைச் சொல்ல மாட்டேன். அந்த இடம் வரும்போதெல்லாம் தேவா அண்ணன் செருமுவார். "லீலா, டீ சொல்லிரு" என்பார். புகழ்ச்சிக்கு எவ்வளவு கூச்சப்படும் மனிதர் என்று அதையும் கதையில் சேர்த்துக்கொண்டேன்.

அவரைக் கிடத்தியிருந்த தங்கை வீட்டில் நான் லீலா அக்காவை ஒரு ஓரமாக அழைத்துப் போய்க் கேட்டேன். அவர் எனக்காகக் காத்திருந்தாரா? நான் போன் எடுக்காததால் தாமதமாகிவிட்டதா? இல்லை, நான் எழுதிய கிண்டலை நினைத்து, இதற்கும் பெட்டியோடு போவதா என்று தயங்கினாரா?

"உங்களுக்காக அவரு காத்திருந்தாரா?" லீலா அக்காவின் கண் சிவந்திருந்தது, வாய் மாறவில்லை. "ரைட்டரே, நீங்க அவ்ளோ பெரிய ஆளில்ல. ஆறரைக்கு நடுக்கம். மாத்திரையப் போட்டுட்டு ஏழு மணிக்குப் பெட்டியோட கார்ல ஏறிட்டாரு. எட்டுக்கெல்லாம் மருந்து ஏத்தியாச்சு. எல்லாம் சரியாத்தான் செஞ்சாரு. இந்தத் தடவ அது அவரவிட வேகமா இருந்துச்சு."

அப்படியென்றால் ஏழரைக்கு அவர் காரில் இருந்திருக்கிறார். அந்த நிலைமையில் காரிலிருந்து எதற்காக என்னை அழைத்தார், வழக்கமான விசாரிப்புக்கா, வேறெதற்காவதா? அது லீலா அக்காவுக்கும் தெரியவில்லை. தெரியாதது எனக்குப் பாதி ஆறுதல், பாதி வதை.

கருமாதி முடிந்தது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது என்ன என்று யோசித்தேன். பெட்டியைத் தங்கை வைத்துக்கொண்டார். போனை லீலா அக்கா. எனக்கு அந்த மூன்று கேள்விகள் போதும். இப்போது நான் தினமும் காலை ஏழரைக்கு யாராவது ஒருவருக்கு போன் போட்டுக் கேட்கிறேன்: ஜொரம் உண்டா, புண்ணு உண்டா, கட்டி உண்டா. சிலர் என் எண்ணைத் தடை செய்துவிட்டார்கள். பரவாயில்லை, எடுக்காதவர்களை எனக்குப் புரியும். காறை எலும்புக்கு மேலே ஒரு சிறிய தழும்பும் இருக்கிறது. சட்டைக் காலர் உரசும்போதெல்லாம், அந்தக் கை நின்ற இடம் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இங்கேயே இந்த அஞ்சலியை முடித்திருப்பேன். கருமாதியிலிருந்து திரும்பும் வழியில் காரில் என் மனைவி வாயைத் திறக்காமல் இருந்திருந்தால்.

"என்னங்க, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது. அன்னைக்குக் காலையில தேவாண்ணே எனக்கும் போன் அடிச்சாரு."

வண்டி சிவப்பு விளக்கில் நின்றிருந்தது நல்லதாகப் போயிற்று.

"'ஜொரம்மா, பெட்டியோட ஆஸ்பத்திரிக்குப் போறேன்'னாரு. 'ரைட்டர் எடுக்கல, தூங்கட்டும். திரும்பி வந்ததும் அந்தக் கட்டி விசயத்த அவருகிட்ட சொல்லிரப் போறேன். ஊர் பூரா என் கையப் பத்திப் பேசுறாரு, எனக்கு உறுத்துது'ன்னாரு. எப்பவும் போல சாயங்காலம் வந்துருவாருன்னு நெனச்சு நானும் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லல."

"எந்தக் கட்டி விசயம்?"

"கிள்ளான்ல கல்யாணத்துக்குக் கெளம்பறப்ப உங்களுக்குக் காலர் பட்டன் போட்டுவிட்டேன்ல, அப்ப பாத்தேன். நான் சொன்னா நீங்க டாக்டர்கிட்ட போவீங்களா? அதான் அவருக்கு போன் போட்டு, நீங்க கண்டுபுடிச்ச மாதிரி சொல்லுங்கண்ணேன்னேன். எந்தப் பக்கம்னு கேட்டாரு. வலது பக்கம்னேன். உங்களுக்கு எதிர்ல நின்னுல்ல பாத்தேன், எனக்கு அது வலது பக்கம். மறுநாள் போன் போட்டு, 'ஏம்மா, பக்கத்தையாச்சும் சரியாச் சொல்லக் கூடாதா, பத்து நிமிசம் தேடினேன்'னாரு."